லாசருவின் கட்டுகளை அவிழ்த்தவர்கள்



நம் ஆண்டவர் பெத்தானியா ஊரில் லாசருவை உயிர்ப்பித்த சுவிசேஷத்தைத் தபசுகாலத்தில் கேட்டிருக்கிறீர்கள். மார்த்தாளின் விசுவாசம், ஆண்டவரின் கண்ணீர், நாலு நாளான கல்லறை, இவற்றைப் பற்றியெல்லாம் நானும் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சம்பவத்தின் கடைசியில் வரும் ஒரு சிறு காரியத்தை வெகு நாள் கவனியாமலே கடந்துபோனேன். செத்தவன் உயிரோடு வெளியே வந்தான். வந்தவன் கையும் காலும் பிரேதச் சீலையால் கட்டுண்டு, முகமும் துணியால் மூடப்பட்டவனாய் வந்தான். உயிரைத் திருப்பித் தந்தவருக்கு அந்தக் கட்டுகளை நீக்க ஒரு வார்த்தை போதாதா? ஆயினும் அவர் அப்படிச் செய்யவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, அவனை அவிழ்த்துவிடும்படி கட்டளையிட்டார். நாலு நாள் பிணத்தைச் சுற்றியிருந்த துணி. அதன் நாற்றத்தை யோசித்துப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் போய்க் கை வைத்து முடிச்சை அவிழ்க்கும் வேலையை ஆண்டவர் மனிதரிடத்தில் விட்டுவிட்டார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. வருகிற மாதம் முதல் வியாழக்கிழமைதோறும் மாலை 7 மணிக்கு, நம் ஞானோபதேச அறைகளில் கிணற்றடிப் பக்கத்து அறையை, குடிநோயிலிருந்து மீண்டவர்களும் மீள விரும்புகிறவர்களும் கூடும் கூட்டத்திற்குத் திறந்துவிடத் தீர்மானித்திருக்கிறேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்றும், சுருக்கமாய் ஏ.ஏ. என்றும் சொல்லப்படுகிறது அது. பங்குப் பேரவையில் இதைச் சொன்னபோது எல்லாரும் சந்தோஷப்படவில்லை. "பிள்ளைகள் மந்திரம் படிக்கிற இடத்தில் குடிகாரர்களைக் கூட்டுவதா, சாமி?" என்றார் ஒருவர். இன்னொருவர் மெதுவாக, "பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்தது. அதை அங்கேயே காட்டியும் விட்டேன், அதற்காக அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் ஒரு காலத்தில் நானே கேட்ட கேள்வி அது; அதைக் கேட்டு ஒரு மனிதனைச் சாவின் வாசல்வரை அனுப்பினவன் நான்.

என் முந்தின பங்கொன்றில் ஒரு கொத்தனார் இருந்தார். வயது 38. கைநேர்த்தியான வேலைக்காரர், கோவிலின் மாதா கெபி வளைவை நூல் பிசகாமல் கட்டினவர் அவரே. சனிக்கிழமை கூலி வாங்கினால் திங்கட்கிழமை வரை வீடு திரும்பமாட்டார். (இதை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார்.) ஒரு புதுவருஷத் திருநாளன்று அவர் மனைவி அவரை அழைத்துவந்தார். குருமடத்தில் நாங்கள் படித்த ஒழுக்க சாஸ்திரத்தில் குடிவெறி, தலையான பாவங்களில் போசனப்பிரியத்தின் கீழ் வரும். பாவத்துக்கு மருந்து மனஸ்தாபமும் பிரதிக்கினையும் அல்லவா? ஆகவே பாடுபட்ட சுரூபத்தை அவர் கையில் கொடுத்து, பீடத்திற்கு முன் முழந்தாட்படியிடச் செய்து, ஆயுள்பரியந்தம் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணுவித்தேன். அவர் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. ஒரு ஆத்துமத்தை மீட்டுவிட்டோம் என்ற திருப்தியோடு அன்று சாப்பிட உட்கார்ந்தேன்.

பதினோராம் நாள் குடித்தார். அதற்குப் பின் ஞாயிறு பூசைக்கும் வருவதில்லை. நான் தெருவில் வந்தால் சந்துக்குள் ஒதுங்கிவிடுவார். "சாமி, அவருக்கு இப்போ கடையைக் கண்டா பயமில்லை, கோயிலைக் கண்டாத்தான் பயமா இருக்கு" என்றார் அந்த அம்மாள். குடித்த பாவத்தோடு சத்தியம் மீறின பாவத்தையும் அந்த மனிதன் முதுகில் ஏற்றி வைத்தவன் நான்தான் என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை. ஆள் அனுப்பி அவரை அழைத்து, "ஆண்பிள்ளையானால் இன்றே நிறுத்து, இனி ஒரு சொட்டும் கூடாது" என்று அதட்டினேன்.

அவர் கீழ்ப்படிந்தார். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். தான் பெற்ற மகளை அடையாளம் தெரியவில்லை. ஆட்டோவில் கிடத்தி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வருஷக்கணக்காய்த் தினமும் மிகுதியாய்க் குடித்தவன் வைத்தியர் துணையில்லாமல் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே மோசம் வரலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். "ஃபாதர், பிரசங்கத்தை நீங்க பாருங்க, வைத்தியத்தை எங்ககிட்ட விடுங்க" என்றார் டாக்டர். சரியான புத்திமதி. இதை வாசிக்கிற வீட்டார் யாராவது உங்கள் மனிதரை அறையில் பூட்டி நிறுத்திவிடலாம் என்று எண்ணியிருந்தால், என் அறியாமையைக் கண்டு எச்சரிக்கையாய் இருங்கள். முதலில் ஆஸ்பத்திரி, அதன் பிறகு மற்றதெல்லாம். அதுபோலவே, குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் மாத்திரையென்று சிலர் விற்கிறார்கள். அப்படிப்பட்ட மருந்தை அறியாமல் உண்டவன் அதன் மேல் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து பிராண சேதமும் ஆகலாம். அதை வாங்கவே வாங்காதீர்கள்.

அந்த வார்டுக்கு ஒரு மாலை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மற்றவர் ஆட்டோ ஓட்டுகிறவர். இருவரும் ஒரு காலத்தில் அதே வார்டில் கிடந்தவர்கள். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, புத்திமதி ஒன்றும் சொல்லாமல், தாங்கள் குடித்த கதையைச் சொன்னார்கள். மனைவியின் தாலியை அடகு வைத்தது, வேலைக்குப் போகாமல் விளக்குக் கம்பத்தடியில் விடிந்தது, எல்லாம். இரண்டு வருஷமாய் என்னிடம் வாய் திறக்காத கொத்தனார், அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "அப்புறம் எப்படிண்ணே தூக்கம் வந்துச்சு?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு குடிகாரன் இன்னொரு குடிகாரனின் கட்டிலருகே போய் உட்காருகிற இந்த வழக்கம் எப்படி உண்டாயிற்று என்று பின்னர் படித்தறிந்தேன். 1935-ஆம் வருஷம் மே மாதம், அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்து அக்ரன் பட்டணத்தில், பில் வில்சன் என்ற பங்குமார்க்கெட் வியாபாரி ஒரு ஹோட்டலில் தனியாய் நின்றுகொண்டிருந்தார். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரம் தோற்றுப்போயிற்று. கூடத்தின் ஒரு பக்கத்தில் மதுக்கடையின் சிரிப்பொலி; மறுபக்கத்தில் டெலிபோனும், ஊரிலுள்ள கோவில்களின் பட்டியலும். தான் குடியாமலிருக்க வேண்டுமானால் இன்னொரு குடிகாரனோடு பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. பட்டியலில் கண்ட ஒரு போதகருக்கு டெலிபோன் செய்தார். அவர் வழியாய் வேறு சிலர். கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை வைத்தியரிடம் வந்து சேர்ந்தார். டாக்டர் பாப் பதினைந்து நிமிஷம் மட்டும் பேசச் சம்மதித்து வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். அவரும் உடனே குணமாகிவிடவில்லை. நடுவில் ஒரு தடவை விழுந்தார். 1935 ஜூன் 10 அவர் கடைசியாய்க் குடித்த நாளென்று கொண்டு, அதையே ஏ.ஏ.யின் ஆரம்ப நாளாய் எண்ணுகிறார்கள். நம் தேசத்துக்கு இது 1957-ஆம் வருஷம் வந்தது.

இது கத்தோலிக்கர் தொடங்கின சபை அல்ல என்பது மெய்தான். ஆனால் நம்மவர்கள் அதற்குத் துணை நின்ற விதம் வாசிக்க இன்பமானது. குடிகாரரைப் படுக்கையில் சேர்க்க ஆஸ்பத்திரிகள் மறுத்த காலத்தில், அதே அக்ரனில் அர்ச். தோமையார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பிலிருந்த கன்னியாஸ்திரி இக்னேஷியா, 1939 ஆகஸ்டில் டாக்டர் பாப் அழைத்துவந்த ஒருவரை, வயிற்றுக் கோளாறு என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். வேறு இடமில்லாமல் பூக்களை ஒழுங்கு செய்கிற சிறு அறையில் கட்டில் போட்டார் என்கிறார்கள். வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் சேசுவின் திரு இருதய அடையாளம் ஒன்றைக் கொடுத்து, மறுபடி குடிக்க மனமானால் அதற்கு முன் இதைக் கொண்டுவந்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடி என்று சொல்லி அனுப்புவாராம். நான் வாங்கின சத்தியத்தையும் அந்த அம்மாள் கொடுத்த அடையாளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நினைத்துப் பார்த்து வெட்கப்பட்டதுண்டு. என் சத்தியத்தை மீறினவன் என்னைவிட்டு ஓடினான். அந்த அடையாளத்தை வைத்திருந்தவனோ, குடிக்கும் முன் அந்தச் சகோதரியைப் போய்ப் பார்த்தாக வேண்டும்.

1940-ஆம் வருஷக் கடைசியில் எட்வர்ட் டௌலிங் என்ற சேசுசபைக் குரு பில் வில்சனைத் தேடிப்போய், அவர் எழுதின 12 படிகள் அர்ச். இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகளுக்கு எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டினார். பில் அந்தப் பயிற்சிகளை அதுவரை அறிந்தவரே அல்ல. முதற்படி, என் பலத்தால் இது ஆகாது என்று ஒத்துக்கொள்வது. அடுத்தவை, என்னிலும் மேலான ஒருவர் என்னைச் சீர்ப்படுத்த முடியுமென்று நம்பித் தன்னை அவரிடம் ஒப்புக்கொடுப்பது. பிறகு ஆத்தும சோதனை. தன் குற்றங்களைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதனிடமும் ஒளிவுமறைவில்லாமல் சொல்வது. தீங்கு செய்யப்பட்டவர்களுக்குக் கூடியவரை பரிகாரம் செய்வது. இதில் நமக்கு அந்நியமானது என்ன இருக்கிறது? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இன்னொரு மனிதனிடம் குற்றத்தைச் சொல்வது பாவசங்கீர்த்தனத்துக்குப் பதிலாகாது. பாவப் பொறுத்தல் குருவானவர் வழியாய்த் தரப்படும் தேவ வரப்பிரசாதம். அங்கே போகிறவன் இங்கேயும் வரட்டும். அங்கே போனதினால் இங்கே வரத் தைரியமடைந்தவர்களை நான் அறிவேன்.

இனி, அந்தக் கூட்டத்தில் என்னதான் நடக்கிறது என்று கேட்பீர்கள். கொத்தனார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், முதல் கூட்டத்துக்கு நானும் உடன் போனேன். குடிநோய் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சில கூட்டங்கள் உண்டு. யாரும் வந்து கேட்கலாம் என்று சில உண்டு. நாங்கள் போனது பின்னதுக்கு. ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறை. வாசலில் செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார், தெருமுனை வரை போய்த் திரும்பிவந்தார். நான் ஒன்றும் பேசவில்லை, பேசாதிருக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் சிறுபிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஊர், சாதி, வேதம் கேட்கவில்லை. குடியை நிறுத்த ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி வேண்டாம், சந்தாவும் இல்லை. ஒவ்வொருவராய் எழுந்து தன் முதற்பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கிப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் பேசவில்லை, தர்க்கமில்லை. நடுவில் டீ வந்தது. ஒரு துணிப்பை சுற்றிவந்தது, இயன்றவர்கள் போட்டார்கள். என்னை ஒரு வார்த்தை பேசச் சொல்வார்கள் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தேன் போலும், ஒருவரும் கேட்கவில்லை. அங்கிக்காரன் ஒருவன் பின்பெஞ்சில் சும்மா உட்கார்ந்து கேட்பது நல்ல ஞானத்தியானம். கேட்டவற்றை அங்கேயே விட்டுவர வேண்டுமென்பது அவர்கள் விதி. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காருகிறவனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்று கொத்தனார் பேசவில்லை. மூன்றாம் வாரம்தான் தன் பெயரைச் சொன்னார். முதல் வருஷத்தில் இரண்டு தடவை விழுந்தார். விழுந்த அடுத்த வியாழக்கிழமையே மறுபடி போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை, வந்தாயே நல்லது என்றார்களாம். நானும் அவர் மனைவியும் கண்ணீரோடு கேட்டும் கிடைக்காதது அங்கே கிடைத்ததன் இரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். போன கிறிஸ்துமஸ் அன்று டெலிபோனில் பேசினார். தொடாமல் நாலு வருஷமாகிறது என்றார். ஆஸ்பத்திரி வார்டுக்கு இப்போது ஸ்டூல் போட்டு உட்காரப் போகிறவர்களில் அவரும் ஒருவர்.

எல்லாருக்கும் இப்படியே நடக்குமென்று நான் சொல்லவில்லை. போய்ப்போய் நின்றுவிட்டவர்களும் உண்டு. ஆனால் 2020-ஆம் வருஷத்தில் காக்ரேன் என்ற வைத்திய ஆராய்ச்சி அமைப்பார், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 27 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, ஏ.ஏ.யில் முறைப்படி சேர்த்துவிடுவது மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல என்றும், அறவே குடியாமலிருக்கும் விஷயத்தில் அவற்றை மிஞ்சுகிறது என்றும் கண்டார்கள். இது நோய் என்பதை அமெரிக்க வைத்தியர் சங்கம் 1956-லேயே ஒத்துக்கொண்டது. நோய் என்றால் பாவமேயில்லையா என்று கேட்கிறவர்களுக்கு: முழு அறிவும் முழுச் சம்மதமும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குக் குற்றமும் குறையும் என்பது திருச்சபையின் உபதேசம். அவன் மனதில் எவ்வளவு சம்மதம் இருந்தது என்று நிறுத்துப் பார்க்கிற தராசு சர்வேசுரன் கையில் இருக்கிறது. அதை நான் ஒருமுறை பிடுங்கிப் பார்த்தேன், உங்களுக்கும் வேண்டாம்.

இந்த ஊருக்கு வெளியே இருக்கிற நம் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன். கூட்டம் எங்கே நடக்கிறதென்று அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் கேளுங்கள்; பெரும்பாலும் தெரிந்திருக்கும். 14446 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் டெலிபோன் செய்து, போதைநோய்க்கு எங்கே உதவி கிடைக்கும் என்றும் விசாரிக்கலாம். தூர தேசத்தில் வேலை செய்கிறவர்கள் செல்போன் வழியாகவே கலந்துகொள்ளும் கூட்டங்களும் இப்போது உண்டு. முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறொரு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரே தடவையில் முடிவு கட்டாதீர்கள். ஐந்தாறு தடவை போனபிறகு சொல்லுங்கள். குடிக்கிற பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் ஆழமாய் ஒளிந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்தக் கதவு திறந்ததே. மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் 1951 முதல் நடக்கிறது. குடிப்பவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் போகலாம். வேலை செய்யும் இடத்துக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி அனுப்புவதும், கடைக்காரனுக்குக் கடனை அடைப்பதும் அன்பினால் செய்கிறீர்கள். ஆயினும் அது கட்டை இன்னும் இறுக்குகிறது என்பதை அங்கே உங்களைப் போன்ற தாய்மார்களே சொல்லக் கேட்பீர்கள்.

திருவிழாக் கமிட்டியாருக்கு ஒரு வார்த்தை. 2003 முதல் அரசாங்கமே கடை நடத்துகிறது என்று குறைசொல்லும் நாமே, சப்பரம் தூக்குமுன் கெபிக்குப் பின்னால் போய் ஊற்றிக்கொண்டு வருகிறோம். குடியை விட்டு மூன்று மாதமான ஒருவனைப் பார்த்து, "என்னடா, சாமியாராயிட்டியா?" என்று சிரிக்கிறோம். இந்த வருஷம் அது நடந்தால் சப்பரம் புறப்படாது. இதைக் கோபத்தில் எழுதவில்லை. மூன்று நாள் யோசித்து எழுதுகிறேன்.

அறையைப் பற்றிச் சில விவரங்கள். வாடகை வேண்டாம் என்றேன். வெளியாரிடம் தானம் வாங்குவதில்லை என்று அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே கரண்டுக்கும் கூட்டிப் பெருக்கவும் ஒரு சிறு தொகை கோவில் கணக்கில் சேரும். இது மரியாயின் சேனையைப் போல நம் பங்கின் சபை அல்ல; நான் அதற்கு இயக்குநரும் அல்ல. நம் வேதத்தாரும் பிற வேதத்தாரும் வருவார்கள். சாவி கோவில்பிள்ளையிடம் இருக்கும். வியாழக்கிழமைகளில் செபமாலை 6 மணிக்குத் தொடங்கி 6.30-க்கு முடியும். அதன் பிறகு முன்வாசல் விளக்கு அணைக்கப்படும். கிணற்றடிப் பக்கத்துச் சிறு வாசல் மட்டும் திறந்திருக்கும். அந்த வேளையில் அங்கே தண்ணீர் இறைக்க வருகிறவர்கள் ஏழு மணிக்கு முன் இறைத்துக்கொண்டு போய்விடும்படி கேட்டுக்கொள்கிறேன். உள்ளே போகிறவர் யாரென்று பார்க்க வேண்டாம்; பார்த்துவிட்டால், சொல்ல வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு உட்கார வசதிப்படாதென்று தோன்றுகிறது. வீட்டில் உபயோகமில்லாமல் கிடக்கிற நாற்காலிகள் இருந்தால், பத்து வரை தேவை. புதன்கிழமைக்குள் அறைவீட்டில் கொண்டுவந்து வையுங்கள்.

உங்கள் பங்குக் குரு